அண்டை வீட்டாரின் உறக்கமும் நம் வீட்டு ஏ.சி.யும்

நெல்லிவாசல்நாட்டில் ஓர் இரவு தங்கியவர்கள் திரும்பி வந்து முதலில் சொல்வது அங்குள்ள குளிரைப் பற்றியல்ல, அமைதியைப் பற்றித்தான். ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என அடுத்தடுத்து அமைந்த மலையூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமை விளையும் அந்தச் சரிவுகளில் இஷாவுக்குப் பின் பூச்சிகளின் ஒலியும் எங்கோ ஒரு நாயின் குரைப்பும் தவிர வேறெதுவும் காதில் விழாது. அதே மலைத்தொடரின் காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. தெளிந்த வானமும் நகர வெளிச்சம் எட்டாத இருளும் வேண்டும் என்பதற்காக மலைக்காட்டுக்குள் இடம் தேடினார்கள், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. இருள் ஒரு செல்வம், அதைக் காக்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் அறிந்திருந்தார்கள். இரவின் அமைதியும் அத்தகைய செல்வமே என்பதை, மலையடிவாரத்தில் நெருக்கமாக வீடு கட்டி வாழும் நாம் ஏனோ மறந்துவிட்டோம்.

மலையிலிருந்து இறங்கினால் ஆலங்காயம், வாணியம்பாடி, சற்றுத் தள்ளி ஆம்பூர். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊர்கள் இவை. நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓராள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கே சந்து இருக்கும். பல இடங்களில் அதுவுமில்லை. ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும். மாடி மேல் மாடி எழுந்து காற்று நுழையும் வழிகள் அடைபட்ட பிறகு, மே மாத இரவில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் ஏ.சி. இல்லாமல் உறங்குவது கடினம். ஆகவே ஏ.சி.யை ஆடம்பரம் என்று பழிக்கும் கட்டுரை அல்ல இது. அந்தக் குளிர்ச்சிக்கான விலையை யார் செலுத்துகிறார் என்பதே நம் கேள்வி.

ஸ்பிலிட் ஏ.சி.யின் அமைப்பு அப்படிப்பட்டது. அமைதியான பாதி நம் அறைக்குள் இருக்கிறது. இரையும் பாதி, அதாவது மெக்கானிக்குகள் ‘அவுட்டோர்’ என்று சொல்லும் பெட்டி, வெளியே தொங்குகிறது. கம்ப்ரஸரும் பெரிய மின்விசிறியும் அதற்குள்தான் இருக்கின்றன. நம் அறையின் வெப்பம், ஓசை, சொட்டும் நீர் ஆகிய மூன்றையும் அது எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் வேறொருவருடைய சன்னல் இருக்கிறது. நாம் சன்னலைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் உறங்குகிறோம். ஏ.சி. வாங்க வசதியில்லாத அடுத்த வீட்டாரோ காற்றுக்காகச் சன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

முறையீடு எப்படித் தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. “பாய், உங்க ஏ.சி. சத்தத்துல ராத்திரி தூக்கமே இல்ல” என்று ஒருவர் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொல்வார். “எல்லார் வீட்டிலயும்தானே ஓடுது” என்பது நாம் தரும் முதல் பதில். “கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு நார்மல்னு சொல்லிட்டாரு” என்பது இரண்டாவது. மூன்றாவது முறை அவர் வரமாட்டார். வாசலில் பார்த்தால் ஸலாம் குறையும். பெருநாளில் தட்டு மாறுவது நிற்கும். பிள்ளைகள் ஒரே மதரஸாவில் படித்தும் பேசிக்கொள்ளாமல் ஆவார்கள். இருபது ஆண்டு நட்பைச் சுவரில் தொங்கும் ஒரு தகரப் பெட்டி முறித்துவிடுகிறது.

இதில் சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000இல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று அவை வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்கென வகுத்த இரவு ஒலி வழிகாட்டுதல் இன்னும் கடுமையானது: வீட்டுக்கு வெளியே 40 டெசிபெல். ஒரு சாதாரண வீட்டு ஏ.சி.யின் அவுட்டோர் ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 50 முதல் 60 டெசிபெல் எழுப்பும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஓசை 6 டெசிபெல் குறையும். நம் சந்துகளில் அது நடப்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்கள் ஓசையை மாற்றி மாற்றி எறிகின்றன.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் உற்பத்தி நிலையிலேயே வீட்டுச் சாதனங்களுக்கு ஒலி வரம்பு வைத்தன. ஒன்று முதல் ஒன்றரை டன் வரையிலான சன்னல் ஏ.சி.க்கு அந்த வரம்பு 68 டெசிபெல். 68 டெசிபெல் எழுப்பும் எந்திரத்தைச் சட்டப்படி விற்கலாம், வாங்கலாம். ஆனால் அதே நாட்டின் சட்டப்படி இரவில் நம் தெரு 45 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க வேண்டியவர் எந்திரத்தை வாங்கியவர். “கம்பெனி சரியாகத்தான் இருக்கிறது என்கிறது” என்ற பதில் இதனால்தான் பயனற்றது. எந்திரம் சரியாக இருக்கலாம்; அது தொங்கும் இடம் தவறாக இருக்கலாம்.

அடுத்து வருவதே நம்மை உண்மையில் தொடும் செய்தி. அந்த விதிகளின்படி, ஓசை குறித்து ஒருவர் அதிகாரியிடம் முறையிட வேண்டுமானால் வரம்பைவிட 10 டெசிபெலோ அதற்கு மேலோ மிகுந்திருக்க வேண்டும். இரவு நேரத்துக்கென உள்ள தனித் தடைகள் வாகன ஒலிப்பான், பட்டாசு, கட்டுமானக் கருவி போன்றவற்றைப் பற்றியவை, வீட்டு ஏ.சி.யைப் பற்றியவை அல்ல. அப்படியானால் 45க்கும் 55க்கும் இடையில், சட்டம் கைகட்டி நிற்கும் ஓர் இடைவெளி இருக்கிறது. உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம், உண்மைதான். அதற்கு ஆண்டுகள் ஆகும், பணமும் ஆகும். நம் தெருக்களின் ஏ.சி. தகராறுகளில் பெரும்பாலானவை அந்தப் பத்து டெசிபெலுக்குள்தான் நிகழ்கின்றன என்பது நம் கணிப்பு. தூக்கம் கெடும் அளவுக்கு ஓசை இருக்கும். அதிகாரி வரும் அளவுக்கு இருக்காது. அந்த இடைவெளியில் அண்டை வீட்டாருக்குக் காவலாக நிற்பது நம் ஈமான் மட்டுமே.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் மிம்பர்களில் பேசப்படாத ஆண்டு இல்லை. நெருங்கிய அண்டை வீட்டார், தூரத்து அண்டை வீட்டார் என இரு சாராரையும் அந்நிஸா அத்தியாயம் பெற்றோருடனும் அநாதைகளுடனும் சேர்த்தே சொல்கிறது. எவருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டாருக்குப் பாதுகாப்பு இல்லையோ அவரிடம் ஈமான் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டுக் கூறியதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஆனால் குத்பாவில் கேட்கும்போது அது வசைச் சொல்லையும் வேலித் தகராறையும் பற்றியதாகவே மனத்தில் பதிகிறது. இரவு முழுதும் அடுத்த வீட்டுக் கட்டிலை அதிரவைக்கும் கம்ப்ரஸர் நினைவுக்கு வருவதில்லை.

முறையீட்டை எப்படித் தீர்ப்பது என்பதற்கு அபூதாவூதில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, அண்டை வீட்டாரால் துன்புற்ற ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டது. பொறுத்துக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினார்கள். அவர் மீண்டும் வந்தார். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு, வீட்டுச் சாமான்களை எடுத்து வழியில் வைக்கும்படி சொன்னார்கள். அவரும் வைத்தார். போவோர் வருவோர் காரணம் கேட்டார்கள், அவர் சொன்னார், கேட்டவர்கள் அந்த அண்டை வீட்டாரைச் சபித்தார்கள். கடைசியில் அவரே ஓடி வந்து, வீட்டுக்குத் திரும்புங்கள், இனி என்னால் உங்களுக்குத் தொல்லை வராது என்றார். இன்றைய வழியென்பது தெரு வாட்ஸ்அப் குழு. ஆனால் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து முதல் நாளே குழுவில் போடுவோர் இந்த நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்ட முடியாது. அந்த மனிதர் முதலில் பொறுத்தார், மீண்டும் மீண்டும் முறையிட்டார், பின்னரும் தானாகக் கூச்சலிடவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொன்னார். படிகளை விட்டுவிட்டு இறுதிக்குத் தாவுவது நியாயமாகாது.

இரண்டாவது, ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்துக்குள் பேரீச்ச மரங்கள் இருந்தது பற்றியது. தோட்டக்காரர் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தார். மரத்தைப் பார்க்க ஸமுரா வந்து போவது அவருக்குச் சங்கடமாயிற்று. விற்றுவிடக் கேட்டார், மறுப்பு. வேறிடத்தில் மாற்றிக்கொள்ளக் கேட்டார், அதற்கும் மறுப்பு. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. அவர்களும் விற்கக் கேட்டார்கள், மாற்றிக்கொள்ளக் கேட்டார்கள், நற்கூலியை எடுத்துச் சொல்லி அன்பளிப்பாகத் தரவும் கேட்டார்கள். மூன்றும் மறுக்கப்பட்ட பிறகே, நீர் தீங்கிழைப்பவர் என்று கூறி, மரங்களைப் பிடுங்கிவிடும்படி தோட்டக்காரரிடம் சொன்னார்கள்.

மரம் அவருடையதே, அதில் ஐயமில்லை. உடைமையுரிமை இருந்தும் அது அடுத்தவருடைய இல்லத்து அமைதிக்கு முன் நிற்கவில்லை. அதே வேளை, கோடரி முதல் நாளே வரவில்லை. விலை, மாற்றிடம், விட்டுக்கொடுத்தல் என்று மூன்று வழிகள் திறக்கப்பட்டன. ஏ.சி. தகராறு ஒவ்வொன்றிலும் இந்த மூன்றும் உண்டு: செலவைப் பகிர்வது, எந்திரத்தை இடம் மாற்றுவது, சில மணி நேரம் நிறுத்திவைப்பது. இவற்றைப் பேசிப் பார்க்காமலே காவல் நிலையம் வரை போன வீடுகள் நம்மிடையே உண்டு.

ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1869க்கும் 1876க்கும் இடையே உதுமானியப் பேரரசில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டநூலில் அண்டை வீட்டாருக்கான பகுதி ஒன்று இருக்கிறது. கட்டடத்தை வலுவிழக்கச் செய்வதும், வீட்டில் குடியிருத்தல் போன்ற அடிப்படைத் தேவையைத் தடுப்பதும் ‘மிகையான தீங்கு’ என்று அதன் 1199ஆம் பிரிவு வரையறுக்கிறது. அடுத்த பிரிவு, அத்தகைய தீங்கு எப்படியாயினும் நீக்கப்பட வேண்டும் என்று சொல்லி, வீட்டை ஒட்டி வைத்த கொல்லுப்பட்டறையையும் மாவு ஆலையையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. 1201ஆம் பிரிவோ, காட்சி மறைவது போன்ற குறைகளை மிகையான தீங்கில் சேர்ப்பதில்லை. அப்படியானால் உறக்கம் எதில் அடங்கும்? உறக்கத்தை ஓய்வுக்காகவும் இரவைப் போர்வையாகவும் ஆக்கியதை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் எண்ணிக் காட்டுகிறான் என்பது அந்நபஃ ஓதும் சிறுவருக்கும் தெரியும். ஒரு வீட்டில் உறங்க முடியவில்லை என்றால் அதில் குடியிருக்க முடியவில்லை என்றே பொருள். காட்சி மறைவதோடு அதை ஒப்பிட முடியாது.

மஜல்லாவின் 1207ஆம் பிரிவை எதிர்த்தரப்பினர் கையிலெடுக்கக்கூடும். ஏற்கெனவே இருக்கும் கொல்லுப்பட்டறைக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டி வந்தவர், பட்டறையை மூடு என்று கேட்க முடியாது என்கிறது அது. இங்கிலாந்துச் சட்டம் இதில் வேறு வழியில் சென்றது. 1879இல் தீர்ப்பான ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கில், லண்டனில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உரல் இடித்துவந்த மிட்டாய்க்காரருக்கு எதிராக, பின்னர் தன் தோட்டத்து மூலையில் நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டிய மருத்துவருக்குத் தடையாணை கிடைத்தது. எது நியாயம் என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். நம் தெருக்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே எழாது. வீடுகள் பாட்டன் காலத்தவை, ஏ.சி.தான் நேற்று வந்தது.

தமிழகக் கடலோர ஊர்களில் நம்மவர் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர். அந்த மத்ஹபில் உடைமையாளருக்குச் சற்றுக் கூடுதலான சுதந்திரம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், குடியிருப்புகளுக்கு நடுவே ஒருவர் தம் வீட்டைக் குளியலகமாகவோ தொழுவமாகவோ ஆக்கிக்கொள்ளலாம் என்பதே மிகச் சரியான கருத்தாகச் சொல்லப்படுகிறது. துணிக்கடை வரிசையில் தம் கடையைக் கொல்லுப்பட்டறை ஆக்கவும் இடமுண்டு. ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: முன்னெச்சரிக்கை எடுத்து, சுவர்களைத் தக்கவாறு உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். சுதந்திரத்தை மேற்கோள் காட்டுவோர் நிபந்தனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவுட்டோரின் கால்களுக்குக் கீழே ரப்பர் வைக்காதவர் அந்தச் சலுகைக்குள் வரமாட்டார் என்பது நம் துணிபு.

பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கட்டடத் தொழிலாளர். கட்டட வழக்குகளில் காழிகளுக்கு உதவியவர். அந்த அனுபவத்தைக் கொண்டு நூலும் எழுதினார். மாவு ஆலையால் அடுத்த வீட்டுச் சுவர் அதிர்கிறது என்ற முறையீடு வந்தால் என்ன செய்வது? ஒரு தாளின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள சுவரின் மேல் தாங்கும் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். தாளின் மேல் உலர்ந்த கொத்தமல்லி விதைகளை இட வேண்டும். பிறகு ஆலையை ஓட்டச் சொல்ல வேண்டும். விதைகள் அசைந்தால் ஆலையை அகற்று. அசையாவிட்டால் வீட்டுக்காரரே, அவரை விட்டுவிடும். வெறும் ஓசை தீங்காகுமா, அதிர்வு மட்டுமே தீங்கா என்பதில் மாலிக்கி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்தச் சோதனையின் அழகு அதிலில்லை. சத்தம் இருக்கிறது, இல்லை என்று இருவரும் வாதிட்டுக்கொண்டிருக்காமல், இருவர் கண்ணெதிரிலும் விதை பேசட்டும் என்று விட்டார்களே, அதில்தான் இருக்கிறது.

இன்று நாம் செய்யக்கூடியதும் அதுவே. முறையீடு வந்ததும் ஏ.சி. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை மெக்கானிக்கை அழைப்பதன்று, ஏ.சி.யை ஓடவிட்டு, இரவு பதினொரு மணிக்கு அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குச் சென்று பத்து நிமிடம் அமர்வது. வீட்டுப் பெண்கள் உறங்கும் அறையென்றால் நம் வீட்டுப் பெண்கள் போகட்டும். பின்னர் ஏ.சி.யை நிறுத்தி இன்னொரு பத்து நிமிடம். வேறுபாடு காதுக்கே தெரியும். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபெல் துல்லியமானதன்று. ஆனாலும் ஓடும்போதும் நின்றபோதும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காண அது போதும். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கைக்கு அதிர்வு தெரிந்தால் ஓசை காற்றின் வழியாக மட்டும் வரவில்லை, சுவரின் வழியாகவும் வருகிறது. அப்போது சன்னலைச் சாத்தச் சொல்வதில் பயனில்லை. ஒரு தம்ளர் நீரைச் சன்னல் திட்டில் வைத்தாலும் தெரிந்துவிடும். கொத்தமல்லி விதை கூட வேண்டியதில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் மலிவானதே. சுவரில் அடித்த இரும்புத் தாங்கியின் போல்ட் தளர்ந்திருக்கும். இறுக்கினால் பாதி அடங்கும். ரப்பர் வெயிலில் காய்ந்து நொறுங்கியிருக்கும், அல்லது வைக்கப்பட்டே இருக்காது. நான்கு புது ரப்பருக்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் பிரியாணிச் செலவைவிடக் குறைவு. செம்புக் குழாய் சுவரில் உரசிக்கொண்டிருந்தால் இடையில் நுரைப்பஞ்சு வைக்கலாம். காயிலில் தூசி அடைந்திருந்தால் விசிறி திணறும்; கழுவிவிட்டால் மின்கட்டணமும் குறையும். விசிறி இறகு வளைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஓசையை மறைக்கிறேன் என்று அவுட்டோரைச் சுற்றிப் பலகையடித்து மூடுவோர் உண்டு, அது கூடாது. காற்று போக வழியில்லாமல் எந்திரம் சூடேறி, இன்னும் பலமாக இரையும். இவை எதற்கும் அடங்காவிட்டால் எந்திரத்தை மொட்டை மாடித் தரைக்கு மாற்றுவதே வழி. குழாய் நீளும், கேஸ் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும், சில ஆயிரங்கள் ஆகும். அந்தச் செலவு ஏ.சி. வீட்டாருடையது. அடுத்த வீட்டார் விரும்பிப் பங்கு தந்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. கேட்டு வாங்கக் கூடாது.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. 2020 ஜனவரி முதல் விற்கப்படும் அறை ஏ.சி.கள் இயல்பாக 24 பாகையில் தொடங்க வேண்டும் என்று எரிசக்தித் திறன் பணியகம் விதித்தது. நாமோ பெட்டியை வாங்கிய அன்றே 18க்கு இறக்கிவிடுகிறோம். 26இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிட்டால் கம்ப்ரஸருக்கு ஓய்வு கிடைக்கும். சுவருக்கு அப்பால் இருப்பவருக்கும் கிடைக்கும்.

முறையிடுவோருக்கும் ஒரு சொல். முழு நிசப்தத்தைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அது வேண்டுமென்றால் நெல்லிவாசல்நாட்டுக்குத்தான் போக வேண்டும். எந்த நேரத்தில், எந்த அறையில், எத்தகைய ஓசை என்று தெளிவாகச் சொன்னால் பாதித் தீர்வு அங்கேயே கிடைக்கும். மனத்தில் கசப்பு வந்த பிறகு சிறு ஓசையும் பெரிதாகக் கேட்கும் என்பதும் உண்மை. சொத்துத் தகராறு உள்ள உறவினர் வீட்டு ஏ.சி. எப்போதும் கூடுதலாகத்தான் இரைகிறது!

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பள்ளிவாசல்கள் வேகமாக ஏ.சி. வசதி பெற்று வருகின்றன. தொழுகையாளிகளுக்கு அது நல்லதே. ஆனால் எட்டு, பத்து அவுட்டோர்களை ஒரே சுவரில் வரிசையாக அடித்து, அவை அனைத்தும் ஒரே வீட்டின் சன்னலை நோக்கி இரைவதை எத்தனை ஊர்களில் பார்க்கிறோம்! ஒரே வகையான பத்து எந்திரங்கள் சேர்ந்தால் ஒன்று எழுப்புவதைவிட 10 டெசிபெல் மிகும். காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு ஓசை. அந்த வீட்டில் இருப்பவர் ஒரு விதவைத் தாயாக இருந்தால் அல்லாஹ்வின் வீட்டைப் பற்றி எப்படிக் குறை சொல்வது என்று வாய் திறக்க மாட்டார். மாற்று மதச் சகோதரராக இருந்தால், சொன்னால் பிரச்சினையாகிவிடும் என்று அஞ்சிச் சொல்ல மாட்டார். முறையீடே வராததால் குறையே இல்லை என்று நிர்வாகம் கருதிக்கொள்கிறது.

இந்த இடத்தில் சென்னை வழக்கொன்றை அறிந்திருப்பது நல்லது. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச்சங்கத்தினர் அருகிலிருந்த ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி, இசைக்கருவி ஓசைக்கு எதிராக முறையிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கம் இது என்று தேவாலயத் தரப்பு வாதிட்டது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்ற அடிப்படையில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சிறுபான்மையினராகிய நமக்கு அந்த வாதத்தின் வலி புரிகிறது; உண்மையிலேயே உள்நோக்கத்தோடு வரும் முறையீடுகளும் நாட்டில் உண்டு. ஆனால் நம் மார்க்கத்துக்கு இதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கவில்லை. பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் உரக்க ஓதுவதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தராதிருக்கவும், ஓதுவதில் ஒருவர் மேல் ஒருவர் குரலை உயர்த்தாதிருக்கவும் சொன்னார்கள். குர்ஆன் ஓதும் குரலுக்கே அந்த எல்லை என்றால் கம்ப்ரஸருக்கு எந்த எல்லை?

முத்தவல்லிகள் சிலர் சொல்லும் மறுமொழியும் நமக்குத் தெரியும்: ஏ.சி.க்கென்று தரப்பட்ட நன்கொடையை அவுட்டோரை இடம் மாற்றச் செலவிட முடியாது. நம் கருத்தில் இது தவறான கணக்கு. தீங்கு இல்லாதவாறு பொருத்துவதும் பொருத்துவதன் ஒரு பகுதியே. குழாயும் வயரும் எப்படியோ, ரப்பரும் மாடித் தாங்கியும் அப்படியே. உள்ளே இருக்கும் ஏ.சி. ஒவ்வொன்றிலும் இன்னார் நன்கொடை என்று பெயர் ஒட்டியிருக்கிறது. ரப்பர் வாங்கித் தந்தவர் பெயரை ஒட்ட இடமில்லை என்பதால்தானோ என்னவோ அதற்கு மட்டும் நன்கொடையாளர் கிடைப்பதில்லை. நிதி இல்லையென்றால் ஜும்ஆவுக்குப் பின் அறிவித்துக் கேட்கட்டும். நம் மக்கள் தருவார்கள்.

அறிவிப்புக்கு முன் நிர்வாகிகள் இருவர் அந்தச் சன்னலுக்கு உரிய வீட்டுக்குப் போக வேண்டும். முறையீடு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இமாமையும் உடன் அழைத்துச் செல்லலாம். “ராத்திரி எங்க எந்திரம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?” என்று கேட்டால் முதலில் இல்லை என்றே சொல்வார்கள், மரியாதைக்காக. இன்னொரு முறை கேட்க வேண்டும். தராவீஹ் முடிந்து கடைசி ஆள் வெளியேறிய பிறகும் ஓடும் எந்திரங்கள் எத்தனை, அவற்றை எத்தனை மணிக்கு நிறுத்தலாம், எவற்றை மாடிக்கு ஏற்றலாம் என்பதை அந்த வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம். அடுத்த கோடைக்குப் புதிதாக இரண்டு ஏ.சி. வருவதாக இருந்தால், மெக்கானிக் ஏணியைச் சாத்துவதற்கு முன்பே அதையும் அங்கே சொல்லிவிட வேண்டும்.